மூழ்கிய கப்பல்களும் குளிர்கடல் உயிர்களும்
பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

முன்னுரை

புனித பவுல் உரோமைக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டபோது அவர் ஏறிச் சென்ற கப்பல் புயலில் சிக்கி, மால்தா தீவின் கரையில் தரைதட்டி உடைந்தது. கப்பலில் இருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும் உயிரோடு கரை சேர்ந்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரம் கூறுகிறது. மறைக்கல்வி வகுப்பில் நாம் அனைவரும் படித்த பகுதிதான் இது. ஆட்கள் தப்பிவிட்டார்கள், கப்பல் என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை. கடலுக்குள் போனது போனதுதான் என்று எண்ணிவிடுகிறோம்.

ஆனால் கடலுக்குள் போன பொருள் எதுவும் அப்படி எளிதில் ‘போய்விடுவதில்லை’. சிலவற்றை உயிர்கள் தின்கின்றன, சிலவற்றின்மேல் குடியேறுகின்றன, சிலவற்றைச் சேறு மூடி நூற்றாண்டுகள் காக்கிறது. குளிர்ந்த கடல்களில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களை ஆராய்ந்தால் இவ்வுண்மை தெளிவாகும். கடலுக்கு வெகுதூரத்தில், தோல் பதனிடும் ஊர்களில் வாழும் நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்பதை இக்கட்டுரையின் முடிவில் காணலாம்.

நம் கடலில் மூழ்கியவை

முதலில் நமக்கு அருகிலுள்ள கடலைப் பார்ப்போம். சிலப்பதிகாரம் போற்றும் பூம்புகாருக்கு எதிரே, சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய கப்பலின் சிதைவு கிடக்கிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் அதை ஆராய்ந்து ஈயக்கட்டிகளை மேலே கொண்டுவந்தனர். அவற்றில் சிலவற்றில் டபிள்யூ. பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. கப்பலின் மரம் பெரும்பாலும் அழிந்துபோக, ஈயம் மட்டும் தன் ஆண்டைத் தானே சொல்லிக்கொண்டு கிடந்தது.

இலங்கையில் மட்டக்களப்புக்கு அப்பால், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி ‘ஹெர்மீஸ்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தன. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல் அது. அதில் 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இன்று அது 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பவள வகைகளும் மீன் கூட்டங்களும் சூழக் கிடக்கிறது.

கடலடியில் பாறை நிறைந்த இடத்தை நம் மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். மணல்வெளியைவிடப் பாரில் மீன் அதிகம் என்பதும், களவா மீன் அங்கேதான் தங்கும் என்பதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை. மூழ்கிய கப்பலும் ஒரு பார்தான். இதே உண்மையைக் கொண்டு, சிமெண்டுக் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கிச் செயற்கைப் பார்களைத் தமிழகக் கடலோரத்தில் அமைத்து வருகின்றனர்.

வெப்பக் கடலும் குளிர்கடலும்

சென்னைக்கு அருகே வங்கக் கடலின் மேற்பரப்பு பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளின் கடலோ குளிர்காலத்தில் சுமார் 6 டிகிரிக்கு இறங்கிவிடும். கோடையிலும் 14 டிகிரியைத் தாண்டுவது அரிது. இவ்வளவு குளிரில் உயிர்கள் குறைவாகத்தானே இருக்கும் என்று நமக்குத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது.

காரணங்கள் இரண்டு. ஒன்று, நீர் குளிரக் குளிர அதில் ஆக்சிஜன் அதிகமாகக் கரையும். 30 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 0 டிகிரியில் அது 14.6 மில்லிகிராம் ஆகிறது. கடல்நீரில் அளவு சற்றுக் குறைந்தாலும் விதி ஒன்றே. இரண்டு, குளிர்காலப் புயல்கள் கடலைக் கலக்கி அடியிலுள்ள ஊட்டச்சத்தை மேலே கொண்டுவருகின்றன. வசந்தத்தில் வெயில் வந்ததும் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் கோடி கோடியாகப் பெருகுகின்றன. நம் வயலில் எருவிட்டு உழுது, பின்பு மழை பெய்தால் பயிர் செழிப்பது போன்றதே இது. இம்மிதவை உயிர்களால்தான் குளிர்கடல் நீலமாக இல்லாமல் பசுமை கலந்து, சற்றுக் கலங்கலாகத் தோன்றுகிறது.

முக்குளிப்போரின் உடையும் இடர்களும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கினார்கள். குளிர்கடலில் அவ்வாறு நெடுநேரம் மூழ்க இயலாது. ஏனெனில் நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரி. அது 35-க்குக் கீழே இறங்கினால் நடுக்கமும், பின்பு மயக்கமும், இறுதியில் மரணமும் நேரலாம்.

இவ்விடரை மனிதன் வெல்லத் தொடங்கியபோது அவனுக்குத் துணைநின்ற பொருள்களில் ஒன்று தோல் என்பது நம் ஊராருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1715ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லெத்பிரிட்ஜ் என்பவர் மரப்பீப்பாய் ஒன்றைச் செய்து அதனுள் படுத்துக்கொண்டு கடலில் இறங்கினார். கைகளை வெளியே நீட்ட இரண்டு துளைகள். நீர் புகாதபடி அவற்றை எண்ணெய்ப் பசையிட்ட தோலால் இறுக்கினார். இக்கருவியைக் கொண்டு மூழ்கிய கப்பல்களிலிருந்து வெள்ளியை மீட்டுத் தந்தார். பிற்காலத்தில் செம்புத் தலைக்கவசம் அணிந்து இறங்கியவர்களும் ஈய அடி பொருத்திய கனத்த தோற்காலணிகளை அணிந்தனர்.

1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ழாக் குஸ்தோவும் எமில் காக்னானும், முதுகில் சுமக்கும் காற்று உருளையிலிருந்து தேவையான அளவு மூச்சுக்காற்றைத் தரும் கருவியை உருவாக்கினர். அதன் பின்னரே கடலடி பலருக்கும் திறந்தது. இன்று குளிர்கடலில் இறங்குவோர் ‘உலர் உடை’ அணிகின்றனர். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமாக மூடிய அவ்வுடைக்குள் நீர் புகாது; உள்ளே கம்பளி போன்ற ஆடை அணிந்து வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றனர்.

இருப்பினும் இடர்கள் பல. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். 30 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு அழுத்தம் இருக்கும். அவ்வழுத்தத்தில் நைட்ரஜன் வாயு இரத்தத்தில் அதிகமாகக் கரைந்து, சிலருக்குக் குடிபோதை போன்ற தடுமாற்றத்தை உண்டாக்கும். விரைந்து மேலே வந்தால் அவ்வாயு குமிழிகளாக வெளிப்படும். கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் பொங்கி வருகிறதே, அதுபோன்றதே இது. குமிழி மூட்டிலோ மூளையிலோ தங்கினால் முடமாகவும் நேரலாம். ஆகவே படிப்படியாக நின்று நின்று மேலே வரவேண்டும். குளிர்ந்த நீரில் மூச்சுக்கருவியே உறைந்து பழுதாவதும் உண்டு. துருப்பிடித்த கப்பலின் அறைகளுக்குள் நுழைந்தால் கலங்கிய நீரில் வெளியேறும் வழி தெரியாமற் போகலாம். பயிற்சியும் துணையும் இன்றி எவரும் இதில் இறங்குவதில்லை.

எம்டனும் ஸ்காபா புளோவும்

தந்திரமும் துணிச்சலும் மிக்கவனை நம் பெரியவர்கள் ‘சரியான எம்டன்’ என்பார்கள். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. அக்கப்பல் அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இந்துமாக் கடலில் கோக்கஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலான ‘சிட்னி’யால் அழிக்கப்பட்டது.

ஜெர்மானியர் அதே பெயரில் இரண்டாவது எம்டன் ஒன்றைக் கட்டினர். முதல் உலகப் போர் முடிந்தபின், சரணடைந்த ஜெர்மானியக் கடற்படையின் 74 கப்பல்கள் ஆர்க்னித் தீவுகளின் நடுவே உள்ள ஸ்காபா புளோ என்னும் நீர்ப்பரப்பில் நிறுத்தப்பட்டன. அவற்றின் தலைவரான அட்மிரல் ராய்ட்டர், தம் கப்பல்கள் எதிரிகளின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சினார். 1919ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், எல்லாக் கப்பல்களையும் தாங்களே மூழ்கடிக்கும்படி இரண்டாவது எம்டனிலிருந்து கட்டளை அனுப்பினார். ஒரே நாளில் 52 கப்பல்கள் மூழ்கின. கட்டளையிட்ட எம்டனோ மூழ்கவில்லை. பிரிட்டிஷார் அதைக் கரையோரத்தில் தரைதட்ட வைத்துவிட்டனர்.

மூழ்கியவற்றுள் பெரும்பாலானவற்றைப் பின்னர் மேலே தூக்கி இரும்புக்காக உடைத்து விற்றனர். மூன்று பெரும் போர்க்கப்பல்களும் நான்கு விரைவுக்கப்பல்களும் இன்றும் அங்கே கிடக்கின்றன. உலகின் பல நாடுகளிலிருந்தும் முக்குளிப்போர் இவற்றைக் காண வருகின்றனர். குளிர்கடலில் கப்பற்சிதைவுகளைக் காண்பதற்கு இதைவிடப் புகழ்பெற்ற இடம் அரிது.

இரும்பின்மேல் ஒரு தோட்டம்

கப்பல் மூழ்கிய சில நாட்களிலேயே அதன்மேல் பாக்டீரியங்களின் வழவழப்பான படலம் பரவுகிறது. பின்னர் நீரில் மிதந்து வரும் இளம் உயிரிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. மென்மணலில் காலூன்ற இடமின்றித் தவிக்கும் அவற்றுக்கு உறுதியான இரும்புச் சுவர் ஒரு வரப்பிரசாதம். முதலில் கொட்டலசுகளும் குழாய்ப்புழுக்களும் வரும். பின்பு கடற்பஞ்சுகளும் கடற்சாமந்திகளும் வரும். அவற்றைத் தின்னவும் அவற்றிடையே ஒளியவும் நண்டுகளும் மீன்களும் வந்து சேரும்.

வடகடற் கப்பல்களில் கண்ணைக் கவர்வது இறகுபோன்ற கைகளை விரிக்கும் கடற்சாமந்தி. வெள்ளையும் ஆரஞ்சும் கலந்து, நீரோட்டம் மோதும் பக்கங்களில் கூட்டங்கூட்டமாக நிற்கும். பெயரும் தோற்றமும் பூவைப்போல் இருந்தாலும் இது தாவரமன்று, விலங்கு. நுண்ணிய கைகளால் மிதவை உயிர்களைப் பிடித்து உண்ணும். அதனருகே வெள்ளை நிறத்தில் வீங்கிய விரல்கள்போல் நிற்கும் ஒருவகை மென்பவளத்தை ஆங்கில மீனவர்கள் ‘செத்தவன் விரல்’ என்று அழைக்கின்றனர். பெயர் அச்சமூட்டினாலும் தீங்கற்ற உயிர். பவளம் வெப்பக் கடலில்தான் உண்டு என்று நினைப்போருக்கு இது வியப்பாக இருக்கும்.

நம் கடலின் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்குகள் கிடையாது. நீண்ட முள் மீசைகளே உண்டு. குளிர்கடல் சிங்கிக்கோ இரண்டு பெருங்கொடுக்குகள் உண்டு. ஒன்று நசுக்க, மற்றொன்று வெட்ட. அதன் நிறம் கருநீலம், வேகவைத்தால்தான் சிவக்கும். பீரங்கி மேடைகளின் அடியில் இவை ஒளிந்திருக்கும். குழாய்களுக்குள்ளும் உடைந்த தகடுகளின் இடுக்குகளிலும் இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய கடல் விலாங்கு தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். காட் குடும்பத்து மீன்கள் கப்பலைச் சுற்றிக் கூட்டமாகத் திரியும். பாம்புபோல் நெளியும் கைகளையுடைய நட்சத்திர மீன்கள் தரையில் பாய் விரித்ததுபோல் பரவிக் கிடக்கும்.

இவ்வண்ணங்களை விளக்கின்றிக் காண இயலாது. நீர், ஒளியின் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். ஆழத்தில் எல்லாமே பச்சையும் சாம்பலுமாகத் தோன்றும். கைவிளக்கை அடித்ததும் செம்மையும் மஞ்சளும் திடீரென வெளிப்படும். காண்பார் இல்லாத இருளிலும் இறைவன் இத்துணை அழகைப் படைத்து வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது.

மரத்தைத் தின்னும் புழு

இரும்புக் கப்பலின் கதை இது. மரக்கப்பலின் கதை வேறு. கடலில் மரத்துக்குப் பெரும்பகைவன் கப்பற்புழு. பெயர் புழுவாயினும் அது உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. அதன் தலைப்பக்கத்தில் இரண்டு சிறிய ஓடுகள் உண்டு. அவற்றை அரம்போல் பயன்படுத்தி மரத்தைக் குடைந்துகொண்டே போகும். அதன் உடலில் வாழும் பாக்டீரியங்கள் மரத்தைச் செரிக்க உதவுகின்றன. வெளியே பார்த்தால் பலகை நன்றாக இருக்கும். உள்ளே தேன்கூடுபோல் ஆகியிருக்கும். பூம்புகார்க் கப்பலின் மரம் அழிந்ததில் வியப்பில்லை. வெப்பக் கடல்களில் இவ்வுயிர்கள் மிகுதி. படகுகளைக் கரையேற்றிக் காயவைப்பதன் பயன்களில் ஒன்று இப்புழுவைத் தடுப்பது.

கப்பற்புழு வாழ முடியாத கடல்களும் உண்டு. ஆறுகள் பல கலப்பதால் பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. அங்கு இப்புழு பெருகுவதில்லை. ஆகவே 1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில், தன் முதற் பயணத்திலேயே மூழ்கிய ‘வாசா’ என்னும் சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல், 333 ஆண்டுகளுக்குப் பின் 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ஏறக்குறைய முழுவடிவில் மேலே தூக்கப்பட்டது. இன்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

தென்துருவக் கடலிலும் இவ்வாறே. அங்கு மரங்கள் வளர்வதில்லை. ஆகவே மரத்தைத் தின்னும் உயிர்களும் அங்கு வேரூன்றவில்லை. அறிவியலார் அக்கடலடியில் மரப்பலகைகளையும் திமிங்கில எலும்புகளையும் 14 மாதங்கள் இட்டுவைத்துப் பார்த்தனர். எலும்புகளில் புழுக்கள் மொய்த்திருந்தன. மரத்தை எதுவும் தொடவில்லை. இந்த ஆய்வு 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. 1915ஆம் ஆண்டு பனிக்கட்டியால் நசுக்கப்பட்டு மூழ்கிய ஷாக்கிள்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பல், 2022ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது இதற்குச் சான்று கிடைத்தது. மனிதர் இறங்க முடியாத அந்த ஆழத்துக்கு இயந்திரத்தை அனுப்பிப் படமெடுத்தனர். கப்பலின் பின்புறத்தில் அதன் பெயர் எழுத்துக்கள் படிக்கும்படி இருந்தன. கடற்சாமந்திகளும் கடற்பஞ்சுகளும் அதன்மேல் குடியிருந்தன.

கடல் காத்த தோல்

இப்போது நம் ஊர்த் தொழிலுக்கு நெருக்கமான ஒரு கப்பலைக் காண்போம். அதன் பெயர் ‘மெட்டா கத்தரீனா’. ஃபிளென்ஸ்பர்க் என்னும் ஊரைச் சேர்ந்த அக்கப்பல், உருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்குச் சணலும் பதனிட்ட தோலும் ஏற்றிச் சென்றது. புயலுக்கு அஞ்சி இங்கிலாந்தின் பிளிமத் துறையில் ஒதுங்கியபோது, 1786ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அங்கேயே மூழ்கியது.

1973ஆம் ஆண்டில் பிளிமத்தின் முக்குளிப்போர் சங்கத்தார் வேறொரு கப்பலைத் தேடி இறங்கியபோது, சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒரு வெண்கல மணியைக் கண்டனர். அதில் இக்கப்பலின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. கருஞ்சேற்றைத் தோண்டியபோது கட்டுக்கட்டாகத் தோல்கள் வெளிவந்தன. மேற்புறத் தோல்கள் பல கெட்டிருந்தன. உட்புறத்தில் இருந்தவையோ 187 ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் வளைந்து கொடுக்கும் தோலாகவே இருந்தன. கழுவி உலர்த்திப் பக்குவப்படுத்தியபின், இங்கிலாந்தின் கைவினைஞர்கள் அவற்றைக் கொண்டு காலணிகளும் பைகளும் செய்தனர்.

இது எவ்வாறு இயன்றது? மூன்று காரணங்களைக் கூறலாம். அது கலைமான் தோல். வில்லோ மரப்பட்டையால் பதனிட்டு, பிர்ச் மரத்தின் எண்ணெயைத் தடவியிருந்தனர். பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் தடுத்தது. இரண்டாவது காரணம் சேறு. காற்றுப் புகாத அதற்குள் அழுகச் செய்யும் உயிர்கள் பெருக இயலவில்லை. மூன்றாவது காரணம் குளிர். வெப்பம் குறைந்தால் சிதைவும் மெதுவாகும். வீட்டில் குளிர்பெட்டி செய்யும் வேலையும் இதுவே.

நம் பகுதியின் பழைய தொழிலும் பட்டைத் தொழில்தான். குரோம் முறை பரவுவதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டு, சென்னை வழியாக இலண்டனுக்கு அனுப்பினார்கள். ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, முடியும் சதையும் நீக்கி, பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடத்தியவர்கள் நம் பாட்டனார்கள். அவர்களுடைய வேலையின் தரத்தை அறிய, பிளிமத் சேற்றில் கிடைத்த தோலை எண்ணிப் பார்த்தால் போதும். பட்டையால் பதனிட்ட தோல் தலைமுறைகளைத் தாண்டி நிற்கும்.

கல்லறைக்குரிய மதிப்பு

மூழ்கிய கப்பல் மீன்களின் வீடு மட்டுமன்று. பல இடங்களில் அது மனிதரின் கல்லறையுமாகும். இரண்டாம் உலகப் போரில், 1939ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், அதே ஸ்காபா புளோவில் ‘ராயல் ஓக்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டது. 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் நம் வயதையொத்த பயிற்சிச் சிறுவர். அதைப் போர்க் கல்லறையாக அறிவித்து, பொதுமக்கள் அங்கு மூழ்குவதைத் தடுத்திருக்கின்றனர்.

அக்கப்பலின் தொட்டிகளிலிருந்த எண்ணெய் பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கசிந்து மேலே வந்துகொண்டிருந்தது. பின்னாளில் பெருமுயற்சி செய்து அதை உறிஞ்சி எடுத்தார்கள். போரை நடத்தியவர்கள் மறைந்துபோன பின்பும் அவர்கள் விட்டுச்சென்ற நஞ்சு மறையவில்லை என்பதை இது காட்டுகிறது. மூழ்கிய கப்பல்களிலிருந்து நினைவுப்பொருள் என்று எதையும் கவர்ந்து வரலாகாது. காண்பதோடு நிற்பதே முறை. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நீரடிப் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்க ஓர் உடன்படிக்கையை உருவாக்கியதும் இந்நோக்கத்தாலேயே.

பாலாறும் நாமும்

இனி நமக்குரிய பாடத்துக்கு வருவோம். பிளிமத்தின் சேறு தோலைக் காத்தது. ராயல் ஓக்கின் இரும்பு எண்ணெயைக் காத்து வைத்துக் கசியவிட்டது. சேற்றுக்கு நல்லது கெட்டது என்னும் பாகுபாடு தெரியாது. கொடுத்ததை வைத்துக்கொள்ளும்.

நம் பாலாறு நந்தி மலையில் தோன்றி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்று, வயலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்தாலும் அது கடலுக்குச் செல்லும் வழியே. நம் ஊர் டேனரிகளின் கழிவுநீர் நெடுங்காலம் இவ்வாற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது. உப்பும் குரோமியமும் மணலிலும் சேற்றிலும் படிந்தன, கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்றதில் இத்தீர்ப்புக்கு முக்கிய இடமுண்டு. சட்டம் படிக்கும் மாணவர்கள் நம் ஊரின் பெயரை இவ்வழக்கால் அறிகின்றனர்.

இதைச் சொல்வது தொழிலைப் பழிப்பதற்கன்று. நம் பள்ளியில் படிக்கும் பலருடைய கல்விக் கட்டணம் தோலிலிருந்தும் காலணித் தொழிற்சாலையிலிருந்தும் வருவதே. கைகளில் சுண்ணாம்புத் தழும்போடு வீடு திரும்பும் தந்தையரையும், தையல் இயந்திரத்தின்முன் நாள்முழுதும் அமரும் அன்னையரையும் நாம் அறிவோம். அவர்கள் உழைப்பு மதிப்புக்குரியது. அவ்வுழைப்பு நிலைக்க வேண்டுமானால் கழிவுநீரைத் தூய்மை செய்தே வெளிவிட வேண்டும். குரோமியத்தை மீட்டு மறுபடியும் பயன்படுத்த வேண்டும். பட்டை முறையின் நன்மைகளை மீண்டும் ஆராய வேண்டும். சென்னையில் 1948ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பணியாற்றுகிறது. வேதியியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல், நம் மாணவியருள் சிலரேனும் அந்நிலையத்தில் சேர்ந்து உழைக்க முன்வந்தால் பாலாற்றுக்கு அதைவிடப் பெரிய தொண்டு இல்லை.

முடிவுரை

கப்பல் மூழ்கினால் கடல் அதன்மேல் உயிர்களைக் குடியேற்றுகிறது. உப்புக் குறைந்த கடல் மரத்தைக் காக்கிறது. குளிர்ந்த சேறு தோலைக் காக்கிறது. துருப்பிடித்த போர்க்கப்பலின் பீரங்கி மேடையில் கடற்சாமந்தி விரிகிறது. அழிப்பதற்காக மனிதன் செய்த கருவியையும் வாழ்வதற்கு ஏற்ற இடமாக மாற்றும் ஆற்றல் படைப்புக்கு உண்டு. ஆனால் அந்த ஆற்றலை நம்பி நாம் எதையும் நீரில் கொட்டலாம் என்பது பொருளன்று. இரும்பை வீடாக்கிக்கொள்ளும் உயிர்களால் நஞ்சை வீடாக்கிக்கொள்ள இயலாது.

அன்புத் தோழியரே! நம்மில் பெரும்பாலோர் ஆர்க்னித் தீவுகளுக்குப் போகப் போவதில்லை. உலர் உடை அணிந்து போர்க்கப்பலின் அருகே நீந்தப் போவதுமில்லை. ஆனால் பாலாற்றுப் பாலத்தை நாள்தோறும் கடக்கிறோம். அடுத்த 187 ஆண்டுகளுக்குப் பின் யாரேனும் அந்த மணலைத் தோண்டிப் பார்த்தால், நாம் நல்ல தோலைச் செய்தவர்கள் என்பதோடு, நல்ல நீரையும் விட்டுச்சென்றவர்கள் என்று அவர்கள் சொல்லும்படி வாழ்வோமாக.